யாசீனுக்கு முதலாம் ஆண்டு

"நோயைப் பாத்துகினு இருக்கறதுக்குச் சம்பளமா?" என்று கேட்டார் என் அப்பா. "மருந்து குடுக்க மாட்டீங்க, ஊசி போட மாட்டீங்க, வூடு வூடாப் போயி பாத்துட்டு வருவீங்க. அதுக்கு ஒருத்தன் காசு குடுக்கறானா? இன்னாம்மா இது, நல்ல எடந்தானா?"

தாம்பரம் ரயில் நிலையத்தில் பார்சல் ஏற்றி இறக்குகிறவர் அவர். மூட்டையைத் தூக்கினால்தான் கூலி. பார்ப்பதற்கெல்லாம் கூலி உண்டு என்பதை அவரால் நம்ப முடியவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்படிப் படித்த பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "ஆஸ்பத்திரில கீது" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

ஆஸ்பத்திரிகூட இல்லை. சேலையூரில் ஒரு பல் மருத்துவருக்கு மேல் மாடியில் இரண்டு அறை, அவ்வளவுதான் எங்கள் ஆய்வு மையம். கால் பாதத்தில் தொடங்கி மெல்ல மேலே ஏறும் ஒரு தசை நோய். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, வாயில் நுழையாது. செம்பாக்கத்தில் நாங்கள் பார்த்து வந்த சௌகத் அலி பாய் வீட்டில் அதை 'கால் சமாச்சாரம்' என்பார்கள். எனக்கும் அதுவே போதும். தென்சென்னைப் பக்கம் தேடித் தேடிப் பிடித்த சில குடும்பங்கள் எங்களிடம் இருந்தன. மருந்து கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை போய், எவ்வளவு நேரத்தில் நடக்கிறார், நாற்காலியிலிருந்து எப்படி எழுந்திருக்கிறார், கைப்பிடி எவ்வளவு பலமாக இருக்கிறது என்று பார்த்து எழுதி வர வேண்டும்.

எதற்கு என்று நானும்தான் கேட்டேன். எங்கள் டாக்டர் யக்ஞநாராயணன் நிதானமாகத்தான் எதையும் சொல்வார்.

"என்னிக்காவது ஒரு மருந்து வரும்மா. வந்தா, அது வேலை செய்யறதான்னு எப்படித் தெரியும்? மருந்தே இல்லாம இந்த நோய் எந்த வேகத்துல போகும்னு தெரிஞ்சிருக்கணும் இல்லையா? அதை யாராவது முன்னாடியே வருஷக்கணக்கா உக்காந்து பாத்து வெச்சிருக்கணும். அப்படிப் பாத்து வெச்ச ஆட்களைத்தான் சோதனைக்கு முதல்ல கூப்பிடுவா. பதிவு இல்லாதவன் கடைசி வரிசை."

அப்பாவுக்கு இதைச் சொன்னேன். "அப்ப உங்களுது மருந்துக்கு எடம் புடிச்சு வெக்கற வேல" என்றார். அதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

இப்போதும் அதே வேலைதான் பார்க்கிறேன். ஆனால் அந்த முதல் சில வருடங்கள் வேறு. அப்போது வருடத்தில் எனக்குப் பிடித்த நாள் எதுவென்று கேட்டால், தீபாவளியைச் சொல்ல மாட்டேன். மழை ஓய்ந்து, செம்பாக்கம் ஏரி கரை தட்டி நிற்கும் காலத்தில், பாய் வீட்டுக்குப் போகும் நாளைத்தான் சொல்வேன்.

கேம்ப் ரோடு சிக்னல் தாண்டி வேளச்சேரி சாலையில் போனால் பாயின் சீட் கவர் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, இரண்டையும் இணைக்கிற நீளமான ஒரு குறுகல் வழி. அந்த வழியின் ஒரு சுவர் நெடுக ரெக்சின் சுருள்களை நிமிர்த்திச் சாய்த்து வைத்திருப்பார்கள். கறுப்பு, பழுப்பு, ரத்தச் சிவப்பு. வெயில் ஏற ஏற அந்த ரெக்சின் ஒரு வாசனை விடும், பசையும் புது செருப்பும் கலந்த மாதிரி. இன்றைக்கும் எந்த ஆட்டோவிலாவது புது சீட் மேல் உட்கார்ந்தால் அந்த வீட்டு ஞாபகம் வந்துவிடுகிறது.

பாயின் மகன் யாசீன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். கல்லூரியில் சேர்ந்து, முதல் வருடத்திலேயே படிக்கட்டில் அடிக்கடி தடுக்கி விழுந்து, என்னவென்று பார்க்கப் போனதில் நோய் தெரிந்து, படிப்பை விட்டவன். கடையில் உட்கார்ந்தபடியே கார் சீட்டுக்கு அளவெடுத்து வெட்டுவான். தைப்பதும் மாட்டுவதும் சிட்டிபாபு அண்ணன், பாயுடைய பழைய கூட்டாளி. கடைக்கும் வீட்டுக்கும் சொந்தக்காரி கங்கையம்மாள் பக்கத்து வீட்டில் இருந்தாள். ஏரிப் பாசனத்தில் அவளுக்கு வயல் இருந்தது ஒரு காலம். அந்த வயலெல்லாம் இப்போது வீட்டு வாடகையாக விளைகிறது.

நான் போகிற நாளன்று அந்தக் குறுகல் வழி கழுவி விட்டிருக்கும். ரெக்சின் சுருள்களையெல்லாம் கடைக்குள் அள்ளிப் போட்டு வழியைக் காலி செய்து வைத்திருப்பார்கள். அடுப்பில் ஆட்டுக்கால் பாயா கொதித்துக்கொண்டிருக்கும். நான் உள்ளே நுழையும்போதே பாயின் மனைவி நூர் பீவி, தலை முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, குரல் கொடுப்பாள்.

"டீச்சர் வந்துட்டாங்க! யாசீனு, மூஞ்சி கழுவுனியா?"

"அம்மா, நான் டீச்சர் இல்லைன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

"கையில கெடியாரம் கீது, பேனா கீது, மார்க்கு போடறே. அப்புறம் டீச்சர் இல்லாம இன்னா?" என்பார் சிட்டிபாபு அண்ணன்.

தரையில் மஞ்சள் நாடா ஒட்டுவேன். யாசீன் ஒரு கோடியில் நிற்பான், இஸ்திரி போட்ட சட்டையில். நான் "போங்க" என்றதும் நடப்பான். பாதம் தொங்கும் என்பதால் முழங்காலை உயர்த்தி உயர்த்தி வைப்பான். ஆனால் நிற்காமல், சுவரைத் தொடாமல், போய்த் திரும்பி வருவான். கங்கையம்மாள் கதவோரம் நின்று கை தட்டுவாள். நாற்காலியிலிருந்து எழச் சொன்னால் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து, எனக்கு ஒரு சலாமும் வைப்பான்.

"இன்னா டீச்சர், பாஸா?"

"இதுல பாஸ் ஃபெயில் எல்லாம் இல்லங்க."

"அது எல்லா டீச்சரும் சொல்றதுதான்" என்று சிரிப்பான்.

அப்புறம் இடியாப்பம், பாயா. "குடிம்மா, நீயும் நாள்பூரா அலையற காலு" என்று நூர் பீவி என் கிண்ணத்தில் எலும்பைத் தள்ளுவாள். பாய் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "எப்டி? போன வருசத்துக்கு இந்த வருசம் எப்டி?" என்று கேட்பார். "அப்படியேதான் பாய் இருக்கு" என்பேன். உண்மையாகவே அப்படியேதான் இருந்தது. அந்த ஒரு வார்த்தையில் அந்த வீடு பெருநாள் வீடு மாதிரி ஆகிவிடும். மழை விட்ட வெயில், தலைக்கு மேல் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் போடும் இரைச்சல், கிண்ணத்தில் மிளகுக் காரம், கங்கையம்மாளின் கைத்தட்டல். எனக்கும் அந்த நாள் வேலைநாள் மாதிரி இருக்காது.

ஐந்து வருடம் இப்படிப் போனது. பிறகு நிதி கொடுத்த அறக்கட்டளையிலிருந்து கூப்பிட்டார்கள்.

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு நிறுவனத்தின் அறக்கட்டளை அது. நிதிப் பொறுப்பில் இருந்தவரை எல்லோரும் கிட்டு சார் என்பார்கள். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். குளிர்சாதன அறையில் எங்கள் அறிக்கையைப் புரட்டியபடி கேட்டார்.

"டாக்டர், ஐ அம் நாட் அ மெடிக்கல் பர்சன். ஆனா ஒரு விஷயம் சொல்லுங்க. ரொம்ப வருஷமா முழுசா ரெக்கார்ட் இருக்கிறது இந்த செம்பாக்கம் ஃபேமிலிதான். அந்தப் பையனுக்கு எதுவுமே மாறலையே. மாறாத ஒண்ண எதுக்கு வருஷா வருஷம் பாக்கணும்? இதே தொகைக்கு நாங்க எவ்வளவு பேருக்கு வீல்சேர் குடுக்கலாம்?"

வீல்சேர் கொடுத்தால் மாலை போட்டுப் படம் எடுக்கலாம். ஒரு பெண் கையில் கடிகாரத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பதை என்ன படம் எடுப்பது? இதை நான் மனதுக்குள் நினைத்ததாகத்தான் நினைத்தேன். வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். டாக்டர் என் பக்கம் திரும்பி மெதுவாக இருமினார்.

கிட்டு சார் கோபப்படவில்லை. "நானே வந்து பார்க்கறேம்மா. அந்த வீட்டுக்கே வர்றேன். பார்த்துட்டு போர்டுல பேசறேன்" என்றார்.

நிதி நின்றால் ஆய்வு நின்றுவிடும். பாதியில் நின்ற பதிவை நாளை எந்த மருந்துக்காரனும் சீந்த மாட்டான். யாசீனுக்குப் பிடித்து வைத்த இடம் போய்விடும். அதைச் சொல்லத்தான் அடுத்த நாள் பாய் வீட்டுக்குப் போனேன். போனை யாரும் எடுக்கவில்லை. முன்கூட்டிச் சொல்லாமல் அந்த வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் முறை.

மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. கடை பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. உள்ளே யாரையும் காணோம். பின்பக்கமிருந்து கங்கையம்மாளின் குரல் வந்தது.

"இன்னா நட நடக்கற? போன தபா இத்த வுட சல்தியா வந்தியே! திரும்பு, திரும்பு!"

குறுகல் வழியில் எட்டிப் பார்த்தேன். கங்கையம்மாள் முக்காலி போட்டு உட்கார்ந்து செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சிட்டிபாபு அண்ணன் கடைசிக் கோடியில் குனிந்து இரண்டு கையையும் விரித்து, கபடி ஆட்டத்தில் நிற்கிற மாதிரி நின்றார். நடுவில் யாசீன். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. ரெக்சின் சுருள்களைக் காலி செய்யாமல் சுவரோரம் அப்படியே விட்டிருந்தார்கள். அவன் ஒவ்வொரு சுருளாகப் பிடித்துப் பிடித்து வந்துகொண்டிருந்தான். அவன் கை படும் உயரத்தில் அந்தச் சுருள்களெல்லாம் ஒரே மாதிரி பளபளத்துப் போயிருந்தன. நூர் பீவி தைல பாட்டிலோடு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

என்னை முதலில் பார்த்தவன் யாசீன்தான். "செத்தோம். டீச்சர்" என்றான்.

"என்ன நடக்குது இங்க?"

"ஒண்ணுமில்ல டீச்சர், சும்மா பிராக்டீஸு" என்றார் சிட்டிபாபு அண்ணன்.

"எதுக்குப் பிராக்டீஸ்?"

"இன்னா இப்டி கேக்கற? பரீட்சைக்குத்தான்."

எனக்கு உடனே புரியவில்லை. "எப்பலேர்ந்து இதைச் செய்யறீங்க?" என்றேன்.

"எப்பவும் செய்யறதுதானேம்மா" என்றாள் நூர் பீவி. ஒளிப்பதற்கு ஏதும் இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. "மொத வருசம் ஒரு வாரந்தான் செஞ்சோம். அப்பல்லாம் அவனுக்கு அதுவே போதும். இப்ப மழைக்கு முன்னாடியே ஆரம்பிச்சாத்தான் காலு கொஞ்சம் வருது. கடை வேலைய வுட்டுட்டு ரெஸ்டு எடுக்கறான். தைலம் தேய்க்கறேன், பாயா வெக்கறேன். நீ வந்துட்டுப் போனதும் ஒரு மாசம் படுத்துப்பான். அது பரவால்ல. நடக்கறானில்ல, அது போதும்."

நான் ஐந்து வருடமாக அளந்து வந்தது யாசீனின் நோயை இல்லை. இந்த வீட்டின் முயற்சியை.

"ஏம்மா இப்படிச் செஞ்சீங்க?" என் குரல் எனக்கே கர்ணகடூரமாகக் கேட்டது. "அறிவிருக்கா யாருக்காவது? எப்பவும் போல இருக்கணும்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

இதற்குள் பாய் வாசலில் வந்து நின்றிருந்தார், கையில் பால் பாக்கெட்டோடு.

"கத்தாதம்மா. சொல்றேன்" என்றார். "மொத வருசம் பேரு பதிய உங்க மாடிக்கு நாங்க வந்தோமே, நெனப்பு கீதா? எங்களுக்கு முன்னால ஒருத்தர் ஒக்காந்திருந்தாரு. குரோம்பேட்டைக்காரரு. அவரால எழுந்திருக்க முடியல. உங்க டாக்டரு அவராண்ட, இனிமே நீங்க வரவேணாம்னு சொன்னாரு. நாங்க பாத்துகினுதான இருந்தோம். மார்க்கு வாங்காதவன் பேர அடிச்சுடுவாங்கன்னு எங்களுக்கு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு."

"பாய், அவரால மாடி ஏற முடியலைன்னு நாங்களே அவர் வீட்டுக்குப் போறதா சொன்னோம். இன்னிக்கும் போயிக்கிட்டுத்தான் இருக்கோம்."

பாய் பால் பாக்கெட்டைப் பார்த்தார். சிட்டிபாபு அண்ணனைப் பார்த்தார். "அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். நோய் நின்றுவிட்டது என்று நினைத்து நிதியை நிறுத்தப் போகிறார்கள் என்றேன்.

"நின்னு போச்சுன்னு எவன் சொன்னான்?" என்றார் பாய்.

"உங்க பையன் காலுதான் சொல்லுது. அஞ்சு வருஷமா நல்லா நடந்து நடந்து அப்படிச் சொல்ல வெச்சிருக்கீங்க."

நூர் பீவி எழுந்து நின்றாள். "நல்லா நடந்தாத் தப்பாம்மா?" என்று கேட்டாள். "எம்புள்ள நல்லா நடந்தது தப்பா?"

எனக்குக் கோபம் மட்டும் இருந்தது. யாசீன் ஒரு சிவப்புச் சுருளைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் இறங்கி உட்கார்ந்தான். உட்கார்வதற்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"டீச்சர், ஒண்ணு கேக்கறேன். உங்க பரீட்சைக்கு உங்கம்மா இன்னா செஞ்சாங்க?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சொல்லேன்."

"வெண்டைக்காய் வாங்கிப் போடுவாங்க. கணக்கு வரும்னு."

"அத யாராச்சும் திருட்டுத்தனம்னு சொன்னாங்களா? நான் காலேஜுல ஒரு பரீட்சையும் எழுதல. எனக்கு வந்த பரீட்சை இது ஒண்ணுதான். வருசத்துக்கு ஒரு தபா நான் பாஸாவறத எங்க அம்மா பாக்கறாங்க. வுட்டுடுவனா?"

கங்கையம்மாள் மூக்கை உறிஞ்சினாள். சிட்டிபாபு அண்ணனுக்கு அழுகை பிடிக்காது. உடனே ஒரு யோசனை சொன்னார்.

"இப்ப இன்னா ஆயிப்போச்சு? அந்த சார் வரட்டும். யாசீனு ரெண்டு எட்டு வெச்சு, பொத்துனு வுழட்டும். நான் சொல்லித் தரேன் எப்டி வுழறதுன்னு."

"அதுக்கும் பிராக்டீஸா?" என்றேன். யாசீன்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தோம், வெட்கம் கெட்டுப் போய்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றேன். "தைலம் வேண்டாம், ரெஸ்ட் வேண்டாம், பாயா வேண்டாம். காலையில கடையில உக்காந்து வேலை செய்யட்டும். அப்படியே எழுந்து வந்து நடக்கட்டும். எப்பவும் போல."

"எப்பவும் போலன்னா..." என்று இழுத்தாள் நூர் பீவி. "எப்பவும் அவன் வுழுவானேம்மா."

அந்த வீட்டுக்கு வெளியே ஒரு ஆளும் அதைப் பார்த்ததில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கு அவன் சீட்டு வெட்டுகிற பையன், அவ்வளவுதான். எழுந்து போக வேண்டுமென்றால் வாடிக்கையாளர் போகும்வரை காத்திருப்பான் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். பழைய பதிவுகளை எடுத்துப் புரட்டினார். கீழே பல் மருத்துவரின் இயந்திரம் யாரையோ குடைந்துகொண்டிருந்தது.

"சொன்னா, இவ்வளவு வருஷமா என்னத்தைப் பாத்தேள்னு கேப்பார். சொல்லலைன்னா, மாறலைன்னு நிறுத்திடுவார்."

"அப்ப என்ன சார் செய்யறது?"

"சொல்லிடறதுதான். வேற என்ன."

கிட்டு சார் வந்த அன்று வெயில் அடித்தது. வேளச்சேரி சாலையில் தேங்கிய தண்ணீரை பஸ்கள் வாரி அடித்துக்கொண்டிருந்தன. கார் கடைவாசலில் நின்றதும் சிட்டிபாபு அண்ணன் அனிச்சையாகக் குனிந்து உள்ளே சீட்டைப் பார்த்து, "மட்டமான தையலு" என்று முணுமுணுத்தார். டாக்டர் வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. கிட்டு சார் முகம் இறுகிப்போயிருந்தது.

நூர் பீவி வீட்டில் இல்லை. "என்னால பாக்க முடியாது" என்று கங்கையம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள். அடுப்பு மூட்டவில்லை. அந்த வழியில் அன்றைக்கு ரெக்சின் வாசனை மட்டும்தான் இருந்தது.

யாசீன் காலையிலிருந்து வேலை செய்திருந்தான். கையில் காய்ந்த பசை. சுருள்களை மட்டும் நகர்த்தியிருந்தோம், பிடிமானம் இருக்கக் கூடாது என்பதற்காக. நான் "போங்க" என்றேன்.

முதல் சில அடிகள் வைத்தான். வலது பாதம் தரையை உரசியது. நின்றான். இடுப்பை வளைத்துக் காலைத் தூக்கினான். பாதி வழிகூட வரவில்லை. ஒரு கையால் சுவரில் பிடி தேடினான், சுவர் வழுவழுவென்று இருந்தது. முழங்கால் மடிந்து, தோள் சுவரில் இடித்து, தரைக்கு வந்துவிட்டான். பாய் ஓரடி முன்னால் வைத்து, வைத்த காலைத் தானே பின்னால் இழுத்துக்கொண்டார். யாசீன் கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்து, கிட்டு சாரைப் பார்த்துச் சொன்னான்.

"இவ்ளோதான் சார். வருசம் பூரா இவ்ளோதான்."

கிட்டு சார் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவருடைய குரல் இறங்கிவிட்டது. "ஐ அம் சாரி தம்பி. ரியலி சாரி. நாளைக்கே ஒரு வீல்சேர் அனுப்பறேன். நல்ல இம்போர்ட்டட் வீல்சேர். இதுக்கு போர்டு எல்லாம் வேண்டாம், நானே செய்யறேன்."

எனக்கு வாய் துடித்தது. ஆனால் பாய் முந்திக்கொண்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. சேரு வோணும்னா நான் வாங்கிப்பேன். கடைல கிடைக்குது. அதுக்கு நல்ல மெத்தை போட்டு எம்புள்ளைக்கு நானே தச்சும் குடுப்பேன். வருசா வருசம் வந்து, இவன் எப்டி கீறான்னு ஒக்காந்து பாக்கற ஆளு, அது எந்தக் கடைல சார் கிடைக்கும்? நாங்கதான் முட்டாத்தனமா அந்தப் பொண்ணுக்கு வேஷம் காட்டினோம். அதுக்கு அந்த வேலைய நிறுத்தாதீங்க. இனிமே இப்டித்தான் வுழுவான். நீங்க எழுதிக்கோங்க."

இனிமே இப்டித்தான் வுழுவான். ஒரு தகப்பன் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிற வரமா இது? அந்த ஆத்திரம் இன்னும் எனக்குத் தீரவில்லை. ஒரு மனுஷன் தன் பிள்ளை விழுவதைக் காட்டித்தான், அவன் விழுவதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி கேட்க வேண்டியிருக்கிறது.

சில வாரம் கழித்து முடிவு வந்தது. ஆய்வு தொடரலாம். ஆனால் முன்போல ஐந்து வருடத்துக்கு இல்லை, மூன்று வருடத்துக்கு. யாசீனின் பழைய பதிவுகள் செல்லாது. மற்றக் குடும்பங்களையும் போய்க் கேட்டு, யாராவது இப்படித் தயார் செய்துகொண்டார்களா என்று பார்க்க வேண்டும். கேட்டதில் இன்னும் சில வீடுகளிலும் இதே கதை. பள்ளிக்கரணையில் ஒரு வீட்டில் நேர்த்திக்கடனே இருந்தது.

யாசீனிடம் நானே போய்ச் சொன்னேன்.

"அப்ப அந்த வருசம்லாம்?"

"இல்லைன்னு ஆயிடுச்சு. இந்த வருஷந்தான் உங்களுக்கு முதலாம் ஆண்டு."

"சோதனை வந்தா?"

"மூணு வருஷம் ஒழுங்கா இருந்தா உங்களையும் பாப்பாங்க. ஆனா வரிசையில பின்னாடி."

அவன் கத்தரியை மேஜை மேல் வைத்தான். "ஃபர்ஸ்ட் இயர்ல நிக்கறதே எனக்கு ராசி போல" என்றான். நான் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. கத்தரியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "ஆனா அந்த வருசம்லாம் நல்லாத்தான இருந்துச்சு டீச்சர்?" என்று கேட்டான்.

"நல்லா இருந்துச்சு" என்றேன். பொய் சொல்லவில்லை. அறிக்கையில் அடித்துவிட்ட வருடங்கள்தான். ஆனாலும் அந்த வீட்டில் நாங்கள் எல்லோரும் வாழ்ந்த வருடங்கள் அவைதான்.

அடுத்த வருடம் மழை பிந்திப்போய், ஏரி அரைகுறையாகக் கிடந்தபோது போனேன். வாசலில் யாரும் குரல் கொடுக்கவில்லை. யாசீன் வேலையிலிருந்து அப்படியே வந்தான், பழைய சட்டையில். நடையை முடிக்க வெகுநேரம் பிடித்தது. இரண்டு இடத்தில் நின்றான். சுவரில் கை வைத்தான். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். இந்த முறை நூர் பீவி பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. அடுக்களை வாசலில் நின்றாள். முக்காட்டின் முனையை இரண்டு கையிலும் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கடைசியாக நாற்காலி. கையைக் கட்டிக்கொண்டு எழ வேண்டும். யாராவது தொட்டால் அந்த அளவு செல்லாது.

யாசீன் முன்னால் சாய்ந்து எழுந்தான், பாதியில் மறுபடி உட்கார்ந்துவிட்டான். மறுபடி முயன்றான். மறுபடி. தொடை நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. நூர் பீவியின் கால்விரல்கள் தரையை அழுத்துவது எனக்குத் தெரிந்தது. அவள் வரவில்லை. நான் கடிகாரத்தோடு நின்றேன். எனக்குக் கொடுக்கிற சம்பளம் இதற்குத்தான்.

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "முடிஞ்சுதுன்னு சொல்லு டீச்சர். நீ சொன்னாத்தான் அம்மா வருவாங்க."

"முடி..." என்றேன். மீதி எழுத்துகள் என் வாயில் இருக்கும்போதே நூர் பீவி ஓடிவந்து அவனைத் தாங்கிவிட்டாள்.